விசிறியில் சுற்றிய மஞ்சள் கயிறு

மே 2009, செவ்வாய்

கும்மிடிப்பூண்டி ரோட்டில் பைக் கொதித்து நின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். ரேடியேட்டர் விசிறியில் மஞ்சள் கயிறு சுற்றிக்கொண்டு மோட்டார் கருகியிருந்தது. பெரியபாளையம் அம்மன் கோயிலில் பூஜை போட்டு அம்மா வேப்பிலையோடு ரேடியேட்டர் முன்னால் கட்டிய கயிறு.

"இத்த யாரு சார் இங்க கட்டினது?"

வேறு விசிறி போட்டுக் கொடுத்தார்.

அண்ணன் அடிபட்டு இறந்ததும் இதே ரோட்டில்தான். அதனால் ரோட்டையும் கயிற்றையும் விட்டுவிட்டு, வீட்டில் விசிறி எரிந்ததை மட்டும் சொன்னேன்.

"உனக்கு வர வேண்டியது வண்டியோட போச்சுடா. அம்மன் கயிறுதான் உன்ன காப்பாத்திச்சு," என்றாள் அம்மா.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தேன். அதே இடத்தில் புதுக் கயிறு, இரண்டு முடிச்சு போட்டு. காலையில் கிளம்பும் முன் அவிழ்த்துவிட வேண்டும். ஆனால் நான் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள்.