சாப்பிட்டேன் சார்

தென்காசி
27 அக்டோபர் 2025

அண்ணாச்சிக்கு,

இன்னைக்குக் காலைல ஒன்பது பதினேழுக்கு என் வித்யா நம்பர்லேர்ந்து வாட்ஸப்ல பதில் வந்துச்சு. "சாப்பிட்டேன் சார்"னு.

அவ போட்டோதான். மஞ்சச் சேலை. புளியறை ரோட்டுல லாரி அடிச்சு அவ போயி நாலு மாசம் ஆச்சு. கட்டில்ல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு. அவ இருக்கையில, தினமும் காட்டுல மழைமானியைப் பாத்து எனக்கு அளவு அனுப்புவா. நான் சாப்டியான்னு கேப்பேன். இப்ப நானே மொட்டை மாடில மழைமானி வச்சு, அளவெடுத்து அவ நம்பருக்கு அனுப்புதேன். "பன்னிரண்டு மில்லி. சாப்டியா." ஒத்த டிக்கோட நிக்கும். போய்ச் சேராதுன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். இன்னைக்கு எல்லாம் நீலமாயிட்டு.

நம்ம ஆபீஸ் ரவிட்ட கேட்டேன். வித்யா பாத்த வேலைக்குப் புதுசாச் சேந்த பிள்ளை சஃப்ரின்ட்ட சிம்மைக் குடுத்திருக்கீங்கன்னான். நம்ம ஆபீஸ்ல வேற நம்பரே இல்லையா அண்ணாச்சி? அதை நிப்பாட்டிருங்க.

போன்ல பேசினா வார்த்தை வரமாட்டேங்கு. அதான் எழுதி ரவிட்ட குடுத்து விடுதேன்.

விஜயசங்கர்


குற்றாலம்
29 அக்டோபர்

அன்புள்ள தம்பி விஜயசங்கருக்கு,

உன் மனைவி வைத்திருந்த எண், உன்னிடம் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை.

அந்த எண்ணை நிறுத்த முடியாதப்பா. ஓடைக்கரை மதகுகளில் எல்லாம் 'தண்ணீர் ஏறினால் கூப்பிடுங்க' என்று அதைத்தான் எழுதியிருக்கிறோம். எழுத வைத்தவளே வித்யாதான். போன வாரம் கரை உடைந்தபோது, நெசவு செய்கிற ஹாஜரா பீவி அந்த எண்ணையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். தறிக்குழி நிறையத் தண்ணீர். பார்க்கப் போன என்னிடம், "செவுத்துல நம்பர எழுதிட்டாப் போதுமா அண்ணாச்சி, செவரா வந்து போனை எடுக்கும்?" என்றாள். மறுநாள்தான் சிம்மைச் சஃப்ரினிடம் கொடுத்தேன்.

சேர்ந்த புதிதில், முகம் தெரியாத ஒரு சார் மழை அளவும் அனுப்பி, சாப்பிட்டாயா என்றும் விசாரிக்கிறாரே என்று அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம். விஷயம் தெரிந்ததிலிருந்து அழுகிறாள். "நான் வேலைய விட்டுருதேன் சார், அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்கிறாள்.

அவளுக்கு மேல் ஓடையைச் சுற்றிக் காட்ட உன்னை விட்டால் ஆளில்லை. மழை வலுக்கிறது. திங்கட்கிழமை வா. ஒரு நாள் மட்டும் வந்தாலும் போதும்.

அன்புடன்,
தில்லைநாயகம்


தென்காசி
2 நவம்பர்

அண்ணாச்சிக்கு,

நம்பர் இருக்கட்டும். ஹாஜரா பீவி சொன்னது சரி.

திங்கக்கிழமை நான் வரல. இனிமேயும் வரல. மேல் ஓடை வரைபடமும் மழைமானிக் கூண்டுச் சாவியும் ரவிட்ட குடுத்திருக்கேன். ரெண்டாவது தடுப்பணைக்கு மேல பாறை வழுக்கும், அந்தப் பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க. தண்ணி கலங்கி, சருகு மிதந்து வந்தாலே கீழ எல்லாருக்கும் சொல்லிரணும். மட்டம் ஏறட்டும்னு காத்திருக்கக் கூடாது. இது வித்யா சொல்லுதது.

நான் அனுப்பின அளவையெல்லாம் சஃப்ரின் ஆபீஸ் பதிவுல ஏத்திட்டாளாம். எடுத்திரச் சொல்லுங்க. எங்க மாடில தண்ணித் தொட்டி மறைக்கும், குறைச்சுத்தான் காட்டும்.

வேலைய விட வேண்டாம்னு சொல்லுங்க. அவ தப்பு ஒண்ணும் செய்யல. நாலு மாசமா நான் ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேன், அவ பதில் சொன்னா. அவ்வளவுதான்.

நேத்து நல்ல மழை. நாப்பத்தொண்ணு மில்லி. அளவெடுத்து முடிச்சுப் பாத்தா, கை தானா அந்த நம்பருக்கே சாப்டியான்னு அடிச்சு வச்சிருக்கு. அனுப்பல. அந்நேரம் எந்தக் கரையில யார் அந்த நம்பரைக் கூப்பிட்டுக்கிட்டு நின்னாங்களோ. இன்னைக்கும் மழை இருட்டிக்கிட்டு வருது. இன்னைக்கு அனுப்பாம இருப்பேன்னு சொல்ல முடியல.

வாசுதேவநல்லூர்ல அக்கா வீட்டுக்குப் போறேன். கூப்பிட வேண்டாம் அண்ணாச்சி. போனை அணைச்சுட்டேன்.

விஜயசங்கர்