அடித்தாலும் தெரிகிற வரி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் நலத்தை உன் வாயால் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. போனில் பேசினால் ஸ்பீக்கரில் உங்கள் வீட்டுக் கூடமே சேர்ந்து கேட்கிறது. அதனால்தான் இந்தத் தாள், அதுவும் உன் அலுவலக முகவரிக்கு.

ஆறாம் வகுப்பில் நீ என்னிடம் கேட்டாய், தப்பை ஏம்மா முழுசா அழிக்கக் கூடாது என்று. ஒற்றைக் கோடு போதும், கீழே இருப்பது தெரிந்தால்தான் எங்கே பிசகியது என்று திருத்துகிறவருக்குப் புரியும் என்றேன்.

அந்தப் பதில் போன வாரம் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. நான் உட்காரும் ஏரிக் குழுவுக்கு உன் மாமனாரின் விண்ணப்பம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கிற கழியைத் தூர்வார அனுமதி வேண்டுமாம். எழுத்து உன்னுடையது. நோக்கம் என்ற கட்டத்தில் ‘பெரிய படகு நிறுத்த ஆழப்படுத்துதல்’ என்று எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘படிந்த சேற்றை அகற்றுதல்’ என்று மாற்றியிருக்கிறாய். பாத்திரம் கழுவுவதற்கும் பாத்திரத்தில் ஓட்டை போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

சம்பந்தி விஷயம், நான் விலகிக்கொள்கிறேன் என்று அன்றே சொன்னேன். குழுவின் பொறியாளர் மறுத்துத் தலையாட்டினார். “நீங்க எழுந்துட்டா ஆள் எண்ணிக்கை குறைஞ்சு கூட்டமே செல்லாது டீச்சர். முப்பது நாள்ல பதில் போகலேன்னா அனுமதி குடுத்ததா அர்த்தம். உங்க காலி நாற்காலி கையெழுத்துப் போட்ட மாதிரிதான்” என்றார்.

உன் மாமனார் இரண்டு முறை பேசினார். குரலில் கோபமே இல்லை. “பொண்ணு இங்க நல்லா இருக்கா சம்பந்தியம்மா. நல்லாவே இருக்கட்டும்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்ப நான்கு மாதம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்தக் கழிக்குப் படகில் வந்து அளவுகோலை இறக்கிப் பார்த்தோம். முழங்கை ஆழம்தான் சேறு, அதற்குக் கீழே கெட்டிக் களிமண். அதை வெட்டினால் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் பின்சுவர் சரியும். இப்போதே விரல் நுழைகிற விரிசல். சமையலறை ஜன்னலில் நீ நின்றாய். கையசைத்தேன். நீ அசைக்கவில்லை. உன் பின்னால் யாரோ இருந்தார்கள் போல.

மறுத்து எழுதிவிட்டேன். அளவுகோல் காட்டியதுதான் காரணம். அடித்த வரியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பொறியாளர் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நான் கண்ணாடி கொண்டு வரலை டீச்சர்” என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

ஆனால் உத்தரவோடு விண்ணப்பமும் உன் மாமனார் கைக்குத் திரும்பும். அவருக்கும் கண் இருக்கிறது, இந்த முறை அந்தக் கட்டத்தை உற்றுப் பார்ப்பார். தெரிந்தே அப்படி அடித்தாயா, பழக்கத்தில் அடித்தாயா என்று நான் கேட்க மாட்டேன்.

அந்த உத்தரவுத் தபால் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இங்கே உன் கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டாயிற்று. எத்தனை நாளைக்கு என்று நீ யோசிக்கவும் வேண்டாம், நான் கேட்கவும் போவதில்லை. பயமில்லாமல் நீ தூங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசி.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே பஸ் ஏறிவிடு.

உன்
அம்மா