பூட்டிய வீட்டில் மணல்மூட்டைகள்

ஜூன் 3

இன்று நாற்பது குட்டி மணல்மூட்டை. எம்சீல் ஒட்டுமாவைப் பிசைந்து மொச்சைக்கொட்டை அளவுக்குக் கிள்ளி, காலுக்குக் கட்டி மிஞ்சிய காஸ் கட்டுத்துணியை வைத்து அழுத்தினால் சாக்கின் நெசவு அப்படியே விழுகிறது. ஊசியால் ஒரு தையல் கோடு.

அன்னூர் செங்கோட்டையன் ஐயா கேட்ட பொம்மைக் காவலரண். பட்டாளத்தில் இருந்தவர். கூட இருந்த அன்புமணி அப்படியொரு மணல்மூட்டை அரணுக்குள்தான் குண்டடிபட்டு இறந்தாராம். அன்புமணியின் மகள் செவ்வந்திக்குக் கொடுக்க வேண்டுமாம்.

எட்டரைக்கு என் வீட்டுக்காரர் டேவிட்சன் வேலைக்குக் கிளம்பினார். வெளியே பூட்டும் சத்தம்.

ஜூன் 4

ஸ்கூட்டரில் விழுந்து கால் உடைந்து ஏழு மாதம். நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மார்ச்சில் ஒருமுறை படியில் சறுக்கினேன் - அன்றிலிருந்து பூட்டு.

"மூணு மாடி அம்மணி. நானில்லாதப்ப உளுந்துபோட்டா யாரு பாக்கறது?"

கோபமில்லாமல் சொல்கிறார். கோபப்பட்டால் சண்டையாவது போடலாம்.

ஜூன் 6

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9

மூட்டைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். ஐயா நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, வெளிய பூட்டியிருக்குதுங்களே?"

"அவரு மறந்து பூட்டிட்டுப் போயிட்டாருங்க." பொய். ஏன் சொன்னேன்?

வாசல் பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக மூட்டைகளைக் காட்டினேன். "தலகாணியாட்ட இருக்குதுங்க. மேல பாரம் ஏறுனா அடிமூட்டை பிதுங்குமுங்க. காயறதுக்குள்ள அடுக்கோணும்."

கிளம்பும்போது பூட்டைப் பார்த்தார். "தீப்புடிச்சா என்ன பண்ணுவீங்க கண்ணு?"

சாயங்காலம் அதையே டேவிட்சனிடம் கேட்டேன். "உன்ன எழந்துருவனோன்னு பயமா இருக்குது கெசியா" என்றார்.

"இப்ப மட்டும் நான் உங்ககூடவா இருக்கறேன்? உள்ளதான இருக்கறேன்."

கையிலிருந்த சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜூன் 10

இன்றும் பூட்டிவிட்டுத்தான் போனார்.

காய்ந்த மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பிசைந்து, ஈரத்தோடு அடுக்கினேன். அடிவரிசை பிதுங்கியது. பார்க்கப் பார்க்க நானே அதற்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. டேவிட்சனுக்குப் போன் போட்டேன். "வந்து தொறங்க. இல்லீனா பக்கத்தூட்டு ரிஃபத்தக் கூப்புட்டுப் பூட்ட ஒடைக்கச் சொல்லிப்போடுவேன்."

வந்தார். திறந்தார். "நான் எறங்கறேன். நீங்க பின்னால வராதீங்க."

இரண்டாம் மாடியில் கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். மேலே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வரவில்லை. நானே எழுந்தேன்.

ஜூன் 12

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 14

அன்னூர், செவ்வந்தி வீடு. காவலரண் பெட்டியை மடியில் வைத்து பஸ்சில் தனியாக வந்தேன். அந்தப் பெண் அடிமூட்டையை விரலால் தொட்டாள். "எங்கப்பா இதுக்குள்ளயாங்க இருந்தாரு?" அங்கே வந்திருந்த ஐயா திரும்பிக்கொண்டார்.

டேவிட்சன் போன். "எப்ப வாரே?"

"காப்பி வெக்கறாங்க. குடிச்சுப்போட்டு மெதுவா வாரனுங்க."