காய்ச்சல் கொப்பியில் உம்முடைய பக்கம்

மச்சாள்,

கொப்பியின் முதல் வரியில், காய்ச்சல் தொடங்கிய அன்று வீட்டில் நின்றவர்களை எழுதியிருக்கிறேன்: மாமி, என்னுடைய அவரான உம்முடைய அண்ணை, நீர், நான், பக்கத்து வளவுப் பரிமளம் அக்கா. ஐந்து பேர். இன்று காலை பரிமளம் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீற்றர் கேட்டார்கள். அதைத் தேடிப் பெட்டியைத் திறந்தபோது இந்தக் கொப்பியும் கையில் வந்தது.

மூன்று வருசத்துக்கு முன் ஒரே கிழமையில் உமக்கும் அண்ணைக்கும் நெருப்புக்காய்ச்சல், தைபோயிட். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே சாப்பாடு. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, சூடு எவ்வளவு, எத்தனை வாய் கஞ்சி, சலம் போனதோ என்று நேரம் போட்டு எழுதினேன்.

ஐந்தாம் நாள் உம்முடைய அண்ணை கத்தத் தொடங்கினார். தலையணையைத் தூக்கி எறிந்தார். "நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டேன். "சங்கக்கடை மனேச்சர்" என்றார்.

நீர் கிடந்தபடியே, "அப்ப எங்கடை கூப்பனுக்குச் சீனி கூடத் தாங்கோ, மச்சாள்" என்றீர். பிறகு, "நான் சுகமா இருக்கிறன். அண்ணையைப் பாருங்கோ."

பெற்றோல் கிடைக்காத அந்த நாளில், ஆஸ்பத்திரிக்குப் போக மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று ஒருமாதிரிக் கிடைத்தது. அவரைப் பிடித்துக்கொள்ள அயலில் இரண்டு பேர் ஏறினார்கள், மாமியும் ஏறினா. உமக்கு இடமில்லை. தேவையென்றும் எவருக்கும் படவில்லை. செல்வச்சந்நிதி முருகனுக்கு அவர் பேரில் காவடி நேர்ந்தேன். உம்முடைய பேரில் ஒன்றும் நேரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் உம்முடைய பக்கத்தில் என்னுடைய எழுத்து ஒரே மாதிரி இருக்கிறது: "அமைதி. தொந்தரவு இல்லை." கஞ்சி வேணுமோ என்றால் "ஓம்." நோகுதோ என்றால் "ஓம்." சத்தம் போடாமல் கிடக்கிற பெண்பிள்ளையை நல்ல நோயாளி என்றுதானே நாங்கள் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த மூன்றில் கடைசி நாள் பரிமளம் அக்கா வந்து பகிடி விட்டா. "என்ன பிள்ளை, உமக்கு மாப்பிளை பாத்தாச்சாம், ஓமோ?"

"ஓம்."

"ஆள் கிழவனாம், பல்லும் இல்லையாம்."

"ஓம்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் இடையிலே நிறுத்தினேன். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பித் தருகிற ஆள் நீர். குனிந்து, "நான் ஆர்?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றீர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர். கிருமி இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கிச் சில நாளாயிற்று என்றார் டொக்டர். நான் கேட்டேன்: "அவருக்குக் கத்தலாய் வந்தது, இவவுக்கு ஏன் இப்பிடி வந்தது? ஆம்பிளையின்ரை மூளையும் பொம்பிளையின்ரை மூளையும் வேறை வேறையோ?"

"இருக்கலாம் அம்மா. எனக்குத் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரையும் ஒரே கேள்வி கேட்டுப் பாத்தனீங்களோ?"

கொப்பியைக் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் பார்த்து, உம்முடைய பக்கத்தில் "அமைதி" என்ற மூன்று வரியிலும் விரல் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பிறகு தாதிமார் படிக்கிற பழைய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அகராதி வைத்து வாசித்தேன். ஆண் பெண் என்று பிரித்து அதில் ஒன்றும் இல்லை. உம்முடைய அண்ணை தேறிவிட்டார். அந்த நாட்கள் அவருக்கு ஞாபகமில்லை.

இப்போது எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் போய், "நான் ஆர், இண்டைக்கு என்ன நாள்" என்று கேட்கிறேன். அமைதியாய்க் கிடக்கிற பெண்களிடம் இரண்டு தரம் கேட்பேன். இன்று பரிமளம் அக்காவின் மகள், "நீங்கள் மாமி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை, காலமையும் இதைத்தானே கேட்டனீங்கள், விடுங்கோ" என்று சினந்தாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த மூன்று நாளும் உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டீரோ? அல்லது கூப்பிட வேண்டும் என்ற நினைவே உமக்கு இல்லாமல் போனதோ? எதுவென்றாலும் உள்ளதைச் சொல்லும். கனவில் வந்து சொன்னாலும் போதும். வருகிற கிழமை உம்முடைய திவசம். அதற்கு முன் பதில் தாரும்.