‘கிண்டிவரை’ என்ற பெயரில்

கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் இன்று ரேஷன் கார்டை நகல் எடுத்தேன். தாள் கைக்கு வந்ததும் என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், சரியா வரலையா?” என்றார். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். அந்த மை வாசனை உன்னுடையது என்று அவரிடம் எப்படி விளக்குவது?

நீதான் அச்சடித்த தாளை முகர்ந்து பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பிப்பாய். “நேத்து சமைச்சதுதானே, ஊசிப் போயிருக்கான்னு பாக்கறேன்” என்பாய். என் எழுத்தைப் பற்றி அவ்வளவு மரியாதை உனக்கு.

நான் வலைப்பதிவு தொடங்கிய காலத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் பதிவு எழுதினார்கள். தமிழை யூனிகோடில் தட்டக் கற்றுக்கொண்ட சந்தோஷம் எங்களுக்குத் தலைக்கேறியிருந்தது. எல்லாருடைய புதுப் பதிவுகளையும் திரட்டிக் காட்ட ஒரு தளம் இருந்தது. பின்னூட்டம் வந்துகொண்டிருந்தால்தான் பதிவு அதன் முகப்பில் நிற்கும். அதனால் நான் உனக்கு, நீ எனக்கு என்று மொய் வைப்பதுபோல மாறி மாறிப் பின்னூட்டம் போடுவோம். அருமை, கலக்கல், மீ த பர்ஸ்ட்டு. படித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

நீ மட்டும் படித்தாய். உன் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. திரையில் படித்தால் திட்டத் தோன்றுவதில்லை, தாளில் படித்தால்தான் தோன்றுகிறது என்று ஒரு காரணம் வேறு சொல்வாய். எனவே நான் ஆபீஸ் பிரிண்டரில் யாரும் பார்க்காத நேரத்தில் அச்சடித்து, மறுநாள் காலை தாம்பரத்தில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் உன் கையில் கொடுப்பேன். கிண்டியில் நீ இறங்கிவிடுவாய். அதற்குள் படித்துத் திட்டி முடிக்க வேண்டும்.

வண்டலூர் பூங்காவுக்குப் போன கதையை எழுதியபோது நீ சொன்னது நினைவிருக்கிறது. “புலியைப் பாக்கப் போனேன்னு ஆரம்பிச்சே. பல்லாவரமே வந்துடுச்சு, இன்னும் டிக்கெட் வரிசைலயே நிக்கறேடி.” பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மாகூடச் சிரித்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே தட்டி என் பதிவின் கீழ் போட்டேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்பது உன் கண்டிஷன். என்ன பெயரில் போடட்டும் என்று கேட்டதற்கு, “நான் கிண்டிவரைக்கும்தானே படிக்கிறேன்” என்றாய். ‘கிண்டிவரை’ என்றே உனக்கு ஒரு கணக்குத் திறந்தேன். என்னைத் திட்டுவதற்கு நானே டைப்பிஸ்ட் ஆனேன்.

கொஞ்ச நாளில் உனக்கு என்னைவிட அதிக வாசகர்கள். பதிவைத் தாண்டி நேராகப் பின்னூட்டத்துக்குப் போகிறோம் என்றே சிலர் எழுதினார்கள். எனக்குப் பொறாமை இல்லையென்று சொன்னால் நீயே நம்பமாட்டாய்.

அப்போதுதான் அந்தக் குரோம்பேட்டைப் பையன் வந்தான். பையன் என்றால், கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிற சாஃப்ட்வேர்க்காரன். இணையம் உலகத்தைப் புரட்டிப்போடும் என்று தொடர் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பதிவுக்கும் நீ சொல்ல நான் தட்டினேன். தன் வலைப்பக்கத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் கருவியை அவன் பார்த்தான். என் பின்னூட்டமும் உன் பின்னூட்டமும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்திருந்தன. உடனே தனிப் பதிவே போட்டுவிட்டான்: கிண்டிவரை என்று ஒருவர் கிடையாது, இந்த அம்மா தனக்குத்தானே பின்னூட்டம் போட்டுக்கொள்கிறார்.

என் பதிவுப் பக்கம் வெறிச்சோடியது. பழகியவர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதிவையே அழித்துவிடப் போகிறேன் என்று ரயிலில் உன்னிடம் சொன்னேன். ஐபி என்றால் என்ன என்று நீ கேட்டாய். வீட்டு விலாசம் மாதிரி என்றேன்.

“ஒரே வீட்லேருந்து ரெண்டு லெட்டர் போனா, எழுதினது ஒரே ஆளா? என்ன கூத்துடி இது. கூப்பிடு அவங்களை.”

ஞாயிற்றுக்கிழமை மாலை சேலையூரில் என் வீட்டு மொட்டை மாடியில் பதிவர் சந்திப்பு. காய்கறிப் பையோடு நீ மாடியேறி வந்தாய். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். யாரை வேண்டுமானாலும் அழைத்துவந்து இவர்தான் கிண்டிவரை என்று சொல்லலாம், அது ஆதாரமாகாது என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

அவன் எழுதிய குற்றப்பத்திரிகையை நான் அச்சடித்து வைத்திருந்தேன். நீ கையை நீட்டி வாங்கினாய். முகர்ந்தாய். போண்டா ஆறிக்கொண்டிருக்க, எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டு நிமிர்ந்தாய்.

“தம்பி, நான் இல்லேங்கறது சானடோரியம் ஸ்டேஷன்லயே புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் பல்லாவரம் வரைக்கும் நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கங்கற பெருமைதான் ஓடுது.”

மாடியே சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. “அக்கா, நீங்கதான்” என்றான். அன்றிரவே அந்தப் பதிவை எடுத்துவிட்டு மன்னிப்பும் எழுதினான். நீங்களே ஒரு வலைப்பதிவு தொடங்கக் கூடாதா என்று கிளம்பும்போது உன்னைக் கேட்டான். எல்லாரும் எழுதக் கிளம்பிவிட்டால் படிப்பது யார் என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது எழுதுவதற்குப் புதுப் புது இடங்கள் வந்துவிட்டன. ஒரு வரி போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். வலைப்பதிவு செத்துவிட்டது என்று வலைப்பதிவிலேயே எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நிஜமாகப் படிக்கிற ஓர் ஆள் இருந்தால் எழுத்து நிலைத்து நிற்கும். எனக்கு அப்படி ஓர் ஆள் இருந்தாள். அந்தத் தெம்பில்தான் இன்றும் எழுதுகிறேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது கண்ணாடி போட்டுக்கொள்ளக்கூட உன்னால் முடியவில்லை. தாளை உன் மூக்கருகே காட்டிவிட்டு நான்தான் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்குடி” என்றாய். ஒழுங்காகத் திட்டு என்று சண்டை போட்டேன். நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்து, கண்டிஷன்படி, அந்த வார்த்தையை மட்டும் உன் பெயரில் தட்டினேன். அக்கா திட்டவில்லையே, அக்காவுக்கு என்ன ஆச்சு என்று அதற்குக் கீழே வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அவர்களும் உன்னைப் படித்தவர்கள்தானே.

நாளைக் காலை இந்த மடலை அச்சடித்து எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவேன். வாய்க்குள் படித்துப் பார்ப்பேன். கிண்டி தாண்டினால் வெட்டுவேன். இப்போதெல்லாம் அப்படித்தான்.

உன் கணக்கு என் கம்ப்யூட்டரில் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. பின்னூட்டப் பெட்டியைச் சொடுக்கினால் யார் பெயரில் என்று கேட்டு உன் பெயரையும் காட்டுகிறது. இந்த மடலில் நீ எங்கே என்னைப் பிடிப்பாய் என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். தட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் எழுத்து தட்டினாலும் அன்று அந்தப் பையன் எழுதியது உண்மையாகிவிடும். பெட்டி திறந்தே இருக்கட்டும். இனி உன் பெயரில் எதுவும் வராது. நீ இருந்தாய் என்பதற்கு அதுதான் ஆதாரம்.