கேட் மாமாவின் தூக்கப் பதிவேடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று அரசாங்கமே என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. நேரடியாக அல்ல, அக்கா மகள் வழியாக. இந்த வீட்டின் முன்னறை இரண்டிலும் பதினோரு வருடமாக அவள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். லைசென்ஸ் புதுப்பிக்க இந்த மாதம் எந்த நாளும் இன்ஸ்பெக்டர் வரலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. கூடவே புது விதிகள், ஒரு அறுநூறு இருக்கும். (அறுபத்தொன்று என்கிறாள். பார்த்தால் அறுநூறு மாதிரிதான் இருந்தது.)

அதில் ஒன்று: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும்போது கால் மணிக்கு ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே அப்போதே எழுத வேண்டும். இதற்கு முத்து முத்தான கையெழுத்து வேண்டாமா? எட்டாம் வகுப்பைக் கரைத்துக் குடித்தவன் நான். ரயில்வேயில் முப்பது வருடம் பதிவேடு எழுதினேன். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று மேலதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

ரிஜிஸ்டரைக் கொடுக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான்.

"மாமா, பார்த்ததை மட்டும் எழுதுங்க."

வேறு எதை எழுதப்போகிறேன்?

மார்ச் 5, வியாழன்

தூங்கும் அறை என் ராஜ்ஜியம். லெவல் கிராஸிங்கில் இருந்தவன் என்பதாலும், அறை வாசலில் இடுப்புயர மரக் கேட் ஒன்று இருப்பதாலும் நான் கேட் மாமா. ஒன்றிலிருந்து மூன்று வரை ஐந்து கட்டிலில் ஐந்து பேர். ஒருவன் உருளை. மல்லாக்கப் போட்டால் இரண்டரை மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் கவிழ்வான். நான் திருப்பிப் போடுவேன். கண்ணைத் திறக்காமலே சிரிப்பான்.

சங்கடம் என்னவென்றால், இடது கை ஒருத்தியின் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை விரலை இன்னொருத்தன் பிடித்திருக்கிறான். எழுதுவது எந்தக் கையால்? இன்று ஒன்றேகாலுக்குப் பேனா கீழே விழுந்தது. ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஊரே எழுந்துவிட்டது என்று சொல்லலாம்.

மார்ச் 9, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். ரயில் வந்த பிறகா கேட்டை மூடுவார்கள்? வருமுன்பே மூட வேண்டும். எந்தக் குழந்தை எப்போது புரளும் என்று எனக்கு அத்துப்படி. ஆகவே திங்கள் காலையிலேயே வெள்ளி வரைக்கும் எழுதிவிட்டேன். நீலப் பேனா, கறுப்புப் பேனா மாற்றி மாற்றி. வெறுமனே 'தூங்குகிறது' என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன ருசி? '2.30 – உருளை கவிழ்ந்தான். திருப்பினேன். சிரித்தான்.' எப்படி இருக்கிறது! இனிமேல் இரண்டு கையும் குழந்தைகளுக்கு.

அக்கா மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு தலைவலி. காப்பகம் நடத்துகிறவர்கள் இனி சான்றிதழ் படிப்பு முடித்திருக்க வேண்டுமாம். லைசென்ஸ் உள்ள இடத்தில் நானூற்று எண்பது மணி நேரம் பயிற்சி. பதினோரு வருடம் செய்த வேலைக்குப் பயிற்சி! இங்கேயே முந்நூற்றுப் பத்து மணி முடித்துவிட்டாள். நடுவில் லைசென்ஸ் போனால் எல்லாம் போச்சு என்கிறாள். போகுமா? நான் இருக்கிறேனே.

மார்ச் 12, வியாழன்

உருளைக்குக் காய்ச்சல். வரவில்லை. இரண்டரை மணிக்கு என் கை தானாக அந்தக் கட்டில் பக்கம் போயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது. சத்தம் போடாதவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தைகள் பக்கம் வந்தார். கேட்டின் உயரத்தை அளந்தார். வெந்நீரில் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி, சரி, சரி. அக்கா மகள் முகத்தில் உயிர் வந்தது.

பிறகு ரிஜிஸ்டர்.

மணி பதினொன்று இருபது. என் ரிஜிஸ்டரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று ஆகியிருந்தது.

அவர் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி, வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் விரித்துக்கொண்டார்.

"இந்தக் குழந்தை போன வியாழக்கிழமை வந்துச்சா?"

"வரலைங்க. காய்ச்சல்" என்றாள் அக்கா மகள்.

"அப்ப ரெண்டரை மணிக்குத் திருப்பிப் போட்டது யாரை?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். "அன்னிக்கு வேற ரெண்டு குழந்தைங்க வந்திருந்துச்சுங்க, தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளைங்க" என்றேன். அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதிவு செய்யாத குழந்தையா, ஐந்துக்கு மேல் எத்தனை பேர், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர் கேட்டார். நான்தான், ஆறென்ன, பத்து பேரைத் தனியாகச் சமாளிப்பேன் என்றேன்.

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்குங்களா?"

"நூறு குழந்தைங்களைத் தூங்க வச்சிருக்கேன். அதுக்கு மேல என்ன சான்றிதழ்?"

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி.

மார்ச் 18, புதன்

அவள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள்.

மார்ச் 26, வியாழன்

லைசென்ஸ் ரத்து. மூன்று காரணம். பொய்ப் பதிவு. பதிவு செய்யாத குழந்தைகள். தகுதி இல்லாதவர் பொறுப்பில் கைக்குழந்தைகள்.

மூன்றும் நான்.

ஏப்ரல் 2, வியாழன்

லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். சலவைச் சட்டை. பஸ்ஸில் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன், கைதட்டு வாங்குகிற பேச்சு. அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வேறு குழந்தைகள் வரவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், எழுதியதும் முன்கூட்டியே எழுதியது, ஆனால் பார்த்துக்கொண்டது நிஜம், ஒரு நிமிடம் கூட அந்த அறையை விட்டு நகர்ந்ததில்லை என்றேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, ரிஜிஸ்டர் ஒண்ணு சொல்லுது. அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. நான் எதை நம்பட்டும்?"

அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக என்னிடம் பதில் இல்லை. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அந்த ரிஜிஸ்டரைத்தானே கேட்போம் என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

கடைசியாக உருளையை அழைத்துப் போனார்கள். அவன் அம்மா பஸ் கண்டக்டர், எப்போதும் ஓட்டத்தில் இருப்பவள். இன்று வாசலில் நின்றாள். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல மாமா. ஆனா லைசென்ஸ் இல்லாத இடத்துல விட முடியாது, மனசு அடிச்சுக்கும்" என்றாள். நான் ஜோக் ஒன்று சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. அவன் அவள் தோளில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டே போனான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

படிப்பு நடத்துகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரத்தான இடத்தில் செய்த பயிற்சி மணிகள் செல்லாது. முந்நூற்றுப் பத்து – பூஜ்யம். திரும்ப ஆரம்பிக்க லைசென்ஸ் உள்ள இடம் வேண்டும். அங்கே பயிற்சிக்குச் சேர்க்க, ரத்தானவர்கள் பெயர்ப்பட்டியலில் இவள் பெயர் இருக்கக்கூடாது. மூன்று வருடம் இருக்குமாம்.

இன்றுதான் அவள் பேசினாள். "திட்டணும்னு நினைச்சேன் மாமா. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

திட்டியிருக்கலாம்.

மே 11, திங்கள்

மூன்று மாடிக் காப்பகம் ஒன்றில் அவளுக்கு வேலை. தரை துடைப்பது, துணி துவைப்பது. அக்கா மகள் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். மேலாளர் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மே 28, வியாழன்

வேலையிலிருந்து வந்ததும் அவளே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உருளை அங்கதான் இருக்கான் மாமா. கண்ணாடி வழியா பார்த்தேன். கவுந்து படுத்திருந்தான்."

"திருப்பிப் போட்டியா?"

"நான் தொடக்கூடாது. சான்றிதழ் இருக்கிறவங்கதான் தொடணும். கூப்பிட்டுச் சொன்னேன். வந்து திருப்பினாங்க, உடனே எழுதினாங்க. நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க மாமா."

"சிரிச்சானா?"

கொஞ்சம் யோசித்தாள். "நான் நின்ன இடத்துலேருந்து முகம் தெரியல."

ஜூன் 2, செவ்வாய்

அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். கேட்டைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். ஒரு பக்கத்தைக் கிழித்து இந்த டைரியில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. எழுதச் சிரமமில்லை.

1.00 – ஐந்து கட்டில். யாரும் இல்லை.

1.15 – யாரும் இல்லை.

1.30 – பூனை ஒன்று கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. – இல்லை, வரவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

1.45 – யாரும் இல்லை.

இப்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அடுத்ததை எழுத இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.