நான் எழுதிக் கொடுத்த பட்டியல்

வில்லியனூர்,
செவ்வாய், காலை 7.10

அன்பு மகள் கிரேஸ் மேரிக்கு,

ஆண்டவர் உனக்குத் திடம் தர வேண்டி அப்பா எழுதுவது. போனில் உன் அழுகையைக் கேட்டால் எனக்குச் சொல்லவேண்டியது குழம்பிவிடுகிறது. அதனால் எழுதிப் படமெடுத்துக் குவைத்துக்கு அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

உன் மகன் லியோ பிரகாஷ் காணாமல் போய் ஐந்து நாள். வியாழன் காலை ஆறேகாலுக்கு நான்கு இட்லி சாப்பிட்டான், ஐந்தாகவும் இருக்கலாம். திருவாண்டார்கோயில் கம்பெனிக்குப் போகவில்லை. வண்டி ரயில் நிலைய ஸ்டாண்டில் நிற்கிறது. "பையோட தனியாத்தான் போனான் சார், விழுப்புரம் ரயிலுக்கு" என்றார் ஸ்டாண்டுக்காரர்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போலீசில் புகார் கொடுத்த அன்று "போன் எங்க பெருசு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, கொண்டுபோய்விட்டான் என்றேன். கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பது வருடம் பிறப்பு, இறப்பு பதிந்தவன் சொன்ன பொய். பிள்ளையின் அந்தரங்கத்தை மேசையில் கொட்டுவார்களே என்று நினைத்தேன். சரியா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் நேற்று மாலை செய்தது நிச்சயமாகத் தவறு. அரிகரன் என்றொரு பையன் வந்தான். "லியோ கூட வேல பாக்குறேன் தாத்தா. நாலு பேரா தேடுனா கெடச்சிடுவான்" என்றான். லியோவைத் தேட நான் எழுதி வைத்திருந்த பட்டியலைத் திருத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். நேரம், இடம், பார்த்தவர், அவன் போகக்கூடிய வீடுகள். ஏழாவது வரி, நெய்வேலி நண்பன் பாக்யராஜ் வீடு. தெருப் பெயரோடு. "இன்னா அழகா எழுதிக்கிறீங்க!" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான்.

இன்று பூசை முடிந்ததும் உபதேசியார் டேனியல் என்னைத் தனியே கூப்பிட்டார். இரண்டு வாரம் முன்பு லியோ ஞானஸ்நானச் சான்று வாங்கினானாம். எதற்கென்ற இடத்தில் 'திருமணம்' என்று எழுதியிருக்கிறான். "யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டான் சார், அதான் வாயத் தொறக்கல. பொண்ணு சுத்துக்கேணி அம்சவள்ளி. அதுவும் வூட்ட வுட்டுப் போயிடுச்சு. அது அண்ணன் அரிகரன் ரெண்டு பேரையும் வெட்டாம வுடமாட்டேன்னு திரியறான்."

வீட்டுக்கு ஓடி வந்து போனைத் திறந்தேன். திரைப் பூட்டைத் திறக்க அவன் கோடு இழுப்பதைப் பார்த்துப் பழகியிருந்தேன். படங்கள், செய்திகள் எதையும் தொடவில்லை. பாக்யராஜ் எண் மட்டும். பதினொரு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

இப்போது ஸ்டேஷனுக்குப் போய் என் பொய்யையும் பட்டியலையும் சொல்லிவிட்டு, அங்கிருந்தே நெய்வேலிக்குக் கிளம்புகிறேன்.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உன்னுடையது ஒன்றுதான். தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் எடு. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. அந்த வீட்டைவிட்டு இந்த நிமிடமே இருவரும் வெளியேற வேண்டும் என்று மட்டும் சொல். போகும் இடத்தை உன்னிடமும் சொல்லவேண்டாம். நீ என்னிடம் சொல்லுவாய். நான் யாருக்காவது எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்கும் தாத்தா சிலுவை அடையாளம் போட்டு ஆசி அனுப்பினார் என்று சொல்.

உன் அப்பா,
மரியசுந்தரம்